நாழியை மாற்றினர், நஞ்சு குறைந்ததாம்!

சிகரெட் என்றால் புகையிலையும் தாளும்தான் என்று எண்ணியிருக்கும் நண்பர்களே! அமெரிக்கப் புகையிலை முதலாளிகள் தங்கள் சிகரெட்டுகளில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலை 1994-ஆம் ஆண்டு வெளியிட்டனர். எத்தனை தெரியுமா? 599! சர்க்கரை, கோக்கோ, அதிமதுரம், மென்தால் என நீள்கிறது அப்பட்டியல். மிட்டாய்க் கடையோ என்று ஐயுறத் தோன்றும்! ஆனால் உண்பது வேறு. எரித்துப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பது வேறு. நாவில் இனிக்கும் சர்க்கரை, நெருப்பில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளைத் தருகிறது.

இவற்றால் கேடு உண்டா என்று ஆராய்ந்தவர் யார்? விற்பவரே! பிலிப் மாரிஸ் நிறுவனம் 333 சேர்க்கைப் பொருள்களைச் சோதித்தது. எலிகளைப் புகை முகர வைத்தது. நச்சுத்தன்மை கூடியதற்குத் தக்க சான்று இல்லையென்று 2002-இல் ஆய்விதழில் அறிவித்தது.

வழக்குகளின் விளைவாக அந்நிறுவனத்தின் உள்ளறை ஆவணங்கள் வெளிவந்தன. அவற்றை ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஸ்டாண்டன் கிளான்ட்சும் அவர்தம் கூட்டாளிகளும் 2011-இல் உண்மையை உடைத்தனர். ஒரு சிகரெட்டுக்கு எவ்வளவு நஞ்சு என்று கணக்கிடுவதே முதலில் வகுத்த திட்டம். சோதித்தபோது, சேர்க்கைப் பொருள்களால் புகைத்துகளின் அளவு கூடியது. அதனோடு நஞ்சும் கூடியது. கண்டனர், கணக்கை மாற்றினர்! ஒரு மில்லிகிராம் துகளுக்கு எவ்வளவு நஞ்சு என்று வகுத்தனர். வகுக்கும் எண் பெருத்தால் விடை சிறுக்குமன்றோ?

"ரூபாய்க்கு இவ்வளவு என்ற வட்டியை நான் உயர்த்தவில்லையே" என்பான் லேவாதேவிக்காரன். பத்திரத்தில் முதலை உயர்த்தி எழுதிக்கொண்டதை மட்டும் சொல்லான்! புகைப்பவன் கடையில் போய் மில்லிகிராம் கணக்கிலா கேட்கிறான்? ஒரு சிகரெட் என்று கேட்கிறான். அதிலுள்ள அத்தனையும் அவன் நுரையீரலுக்கே செல்கிறது.

பழைய திட்டப்படியே கிளான்ட்ஸ் குழுவினர் கணக்கிட்டபோது, புற்றுநோய் விளைக்கும் 15 பொருள்கள் 20 விழுக்காடோ அதற்கு மேலோ கூடியிருந்தன. எலிகளின் எண்ணிக்கையும், கேடு விளைந்திருந்தாலும் கணக்கில் புலப்படாத அளவுக்குக் குறைவு. பாவம், அந்த எலிகள்! செத்தும் அவற்றைச் சாட்சி சொல்ல விடவில்லை.

சேர்க்கையில்லாத சிகரெட் மட்டும் அமுதமோ என்று கேட்பீர்கள். அதுவும் கொல்லும். அப்படியிருக்க, கொல்லும் பொருளுக்கு இனிப்பூட்டவும் மணமூட்டவும் இவர்களுக்கு உரிமை தந்தது யார்? தந்தாலும், சோதனைச்சாலையின் சாவியையும் அவர்கள் கையிலேயே கொடுப்பதா? சோதிக்கும் செலவை அவர்கள் தலையில் கட்டுக. சோதிப்பவரை அரசு அமர்த்துக. கணக்கிடும் முறையை முன்கூட்டியே ஊரறிய அறிவித்துவிடுக. கனடா நாடு எலிகளின் தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மென்தால் நீங்கலாகப் பெரும்பாலான சுவைப்பொருள்களைச் சிகரெட்டிலிருந்து 2009-இலேயே சட்டமியற்றி விரட்டியது. மென்தாலையும் 2017-இல் விரட்டிவிட்டது.