ஆளுக்கேற்ற சக்கரம்

மூன்றாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பெரியதெல்லாம் சிறந்தது என்னும் எண்ணம் மனித மனத்தில் எளிதில் வேரூன்றிவிடுகிறது. மிதிவண்டி உலகமும் இதற்கு விலக்கன்று. கல்லும் வேரும் நிறைந்த பாதைகளில் ஓட்டுவதற்கென்றே பிறந்த மலைமிதிவண்டிக்குச் சக்கரம் 26 அங்குலமா, 27.5 அங்குலமா, 29 அங்குலமா என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. ‘29 வென்றது, 26 மாண்டது’ என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். அத்தீர்ப்பில் பாதி மட்டுமே நியாயம் என்பது என் கருத்து.

முதலில் 26 பிறந்த கதையைப் பார்ப்போம். அந்த அளவை எந்த அறிஞரும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமால்பயஸ் மலையைச் சுற்றியுள்ள மண்பாதைகளில், சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை ஓட்டிப் பாய்ந்து இறங்கினார்கள். 1976-இல் ‘ரீபேக்’ என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும், அதனாலேயே அப்பெயர். கரடுமுரடைத் தாங்கும் பருத்த டயர் அவர்கள் கைக்குக் கிடைத்தது ஓர் அளவில்தான். அது ஷ்வின் நிறுவனம் 1933-இல் அறிமுகம் செய்த 26 அங்குல பலூன் டயர். 1977-இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிய சட்டம் செய்தபோதும், 1981-இல் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தபோதும் அதே அளவு தொடர்ந்தது. ஆகவே, 26 என்பது வேதவாக்கு அன்று. கிடைத்ததைக் கொண்டு நடத்திய குடித்தனம்!

இனி, எண்களின் மாயத்தையும் அறிய வேண்டும். டயர் பொருந்தி உட்காரும் ரிம்மின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தால் 26-க்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. அதாவது 27.5 என்பது பெயரில்தான் நடுவில் நிற்கிறது. உண்மையில் 26-ஐவிட 25 மில்லிமீட்டர் கூடுதல். 29-ஐவிட 38 மில்லிமீட்டர் குறைவு. நம் ஊர்ப் பால்காரர்கள் கேன்களைத் தொங்கவிட்டு மிதித்த 28 அங்குல சைக்கிளின் ரிம் 635 மில்லிமீட்டர். 29-இன் ரிம்மைவிட 28-இன் ரிம் பெரிது! பெயரைப் பார்த்து மதிப்பிடக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெரிய சக்கரத்தின் முதற்பெருமை, தடையை ஏறிக் கடப்பது. இதை வகுப்பறைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் 57 மில்லிமீட்டர் உயரமுள்ள டயரை மாட்டினால் 26-இன் ஆரம் 336.5, 29-இன் ஆரம் 368. எட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லில் மோதும்போது, சக்கர மையத்தையும் கல்லின் விளிம்பையும் இணைக்கும் கோடு செங்குத்துக்கோட்டுடன் 26-இல் சுமார் 40.3 டிகிரியும் 29-இல் சுமார் 38.5 டிகிரியும் சாய்கிறது. கோணம் குறையக் குறைய மோதலின் கடுமையும் குறையும். வேறுபாடு இரண்டு டிகிரிகூட இல்லையே என்று கேட்கலாம். ஒரு கல்லுக்கு அது அற்பம்தான். ஆயிரம் கற்களைத் தாண்டும் பந்தயத்தில் அந்த அற்பமே ஆதாயமாகச் சேர்கிறது. மேலும், பெரிய சக்கரம் சிறு பள்ளங்களுக்குள் விழுவது குறைவு. அச்சு உயர்ந்து நிற்பதால் ஓட்டுபவர் சக்கரங்களுக்கு இடையில் தாழ்ந்து அமைந்தது போன்ற உறுதியும் கிடைக்கிறது. இவையெல்லாம் மறுக்க முடியாத நன்மைகள்.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஒரே வகை ரிம்மும் டயரும் என்று கொண்டால், சக்கரத்தை இடவலமாகத் திருப்புவதை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் மூன்றாம் அடுக்காக வளர்கிறது. ஆரம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும்போது அது 30 விழுக்காடு கூடிவிடுகிறது. நெருக்கமான வளைவுகளில் சிறிய சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்பதும், பெரியது சற்றே முரண்டு பிடிப்பதும் இதனால்தான். பல்சக்கரத்தை மாற்றாவிட்டால் மேட்டில் ஒவ்வொரு மிதிக்கும் அதே 9 விழுக்காடு கூடுதல் பலம் வேண்டும். நீண்ட ஆரக்கம்பிகளால் சக்கரம் பக்கவாட்டில் வளையவும் இடமுண்டு.

பந்தய முடிவுகளைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவற்றையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29-இல் தங்கம் வென்றார். அவரைக் கடைசிவரை விரட்டி வெள்ளி பெற்ற சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் ஓட்டியது 27.5. 2016 ரியோவில் அதே ஷுர்ட்டர் 29-க்கு மாறித் தங்கம் பெற்றார். ‘பார்த்தீர்களா!’ என்பார்கள். ஆனால் அதே காலத்தில் சட்டங்கள் நீண்டன, முன் போர்க்கின் சாய்வு மாறியது, ரிம் அகன்றது, டியூப் இல்லாத டயர் பரவியது. பல காரணிகள் ஒருங்கே மாறியிருக்கையில் பலனை ஒன்றன் கணக்கில் மட்டும் எழுதலாமா? நம் ஆய்வகத்தில் எந்தப் பேராசிரியரும் இதை ஒப்பமாட்டார்.

இறக்கப் பந்தயம் கற்பித்த பாடம் இன்னும் சுவையானது. முன்னே 29, பின்னே 27.5 பூட்டிய வண்டிகளுக்கு விதி இடம் தந்தபின், 2019-இல் பிரான்சின் லோயிக் ப்ரூனி அத்தகைய வண்டியில் உலகப் பட்டம் வென்றார். செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுபவர் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். அப்போது பெரிய பின்சக்கரம் உடம்பில் உரசும். குள்ளமானவருக்கு இந்த இடர் இன்னும் அதிகம். உடலின் அளவு முதலில், சக்கரத்தின் அளவு பிறகு என்பதைப் பந்தயக்களமே ஒப்புக்கொண்டது.

சந்தையோ பொறுமை காட்டவில்லை. 2012-க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் பெரியவர்களுக்கான தரமான மலைமிதிவண்டிகளிலிருந்து 26-ஐ நீக்கிவிட்டன. சிறுவர் வண்டிகளிலும், விலை குறைந்த வண்டிகளிலும், குதித்துத் தாவும் விளையாட்டு வண்டிகளிலுமே அது மிஞ்சியது. விளைவு என்ன? 26-க்குச் செய்த சட்டத்தில் 29 நுழையாது. நல்ல டயரும் போர்க்கும் கிடைப்பது அரிதானால், உறுதியான ஒரு வண்டி பழுதில்லாமலே பழையதாகிவிடுகிறது. ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட ஒருவர் தம் உடலுக்கு ஒவ்வாத உயரத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ‘இதுதான் சிறந்தது’ என்று நம்பவேண்டியிருக்கிறது. இது முன்னேற்றமா, மூட்டை கட்டுதலா?

29-ஐ நான் பழிக்கவில்லை. நெடுந்தூரம், நேர்வேகம், கரடுமுரடு ஆகியவற்றை விரும்பும் உயரமானவருக்கு அது பொருத்தமே. ஆனால் சிறிய சட்டத்துக்குச் சிறிய சக்கரம் பூட்டிச் சில நிறுவனங்கள் இன்று விற்பதே பாராட்டத்தக்க வழி. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கு டயரும் ரிம்மும் தொடர்ந்து தருவது விற்றவர்களின் கடமை. வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு: யார் வென்றார் என்று கேட்பதற்கு முன், என் உயரம் என்ன, என் பாதை எது, என் பணப்பை எவ்வளவு என்று கேட்க வேண்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்றனர் நம் முன்னோர். காலுக்குத் தக்க சக்கரம் என்று நாமும் சேர்த்துக்கொள்வோம்.