ஆட்டம் வரட்டும், பிறகு பணம்

2025-ல் வீடியோ கேம் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் காத்துக்கிடந்தது ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’ என்ற ஒரு கேமுக்காக. அது வரவில்லை. 2023 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்தபோது 2025-ல் வெளியாகும் என்றார்கள். 2025 மே மாதம் அது 2026 மே 26-க்குத் தள்ளிப்போனது. நவம்பரில் மறுபடியும் 2026 நவம்பர் 19-க்கு நகர்ந்தது. இந்த இடைவெளியில், பிரான்சின் மோன்பெலியே நகரத்திலிருந்து சாண்ட்ஃபால் என்ற நிறுவனம் தன்னுடைய முதல் கேமை 2025 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டது. மையக் குழுவில் சுமார் முப்பது பேர். (வெளியிலிருந்து கைகொடுத்தவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், ‘முப்பதே பேர்’ என்று கதை கட்டுவதில் கொஞ்சம் மிகை இருக்கிறது.) ‘கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ என்ற அந்தக் கேம், டிசம்பரில் நடந்த ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருதுகளை அள்ளியது. எவ்வளவு காலம் காத்திருக்க வைத்தார்கள் என்பதற்கும் கேம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை இவ்வளவு பளிச்சென்று காட்டிய ஆண்டு வேறில்லை. அப்படியிருக்க, வெளிவராத கேமுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் பழக்கத்தை ஏன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

‘எக்ஸ்பெடிஷன் 33’ எதனால் பிடித்துப்போகிறது என்று பார்த்தால் அதில் விளம்பரத்துக்குப் பங்கு குறைவு. கடலுக்கு அப்பால் ஒரு பெரிய கல்தூண். ஆண்டுக்கொரு முறை ஓர் ஓவியக்காரி எழுந்து அதில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த நொடியில் பூவிதழ்களாக உதிர்ந்து காற்றில் கலந்துவிடுகிறார்கள். எண் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது, இப்போது 33. இன்னும் ஒரு வருடம்தான் என்று தெரிந்தவர்கள் அவளைக் கொல்லக் கிளம்புகிறார்கள். சண்டை பழைய ஜப்பானிய கேம்களைப் போல மாற்றி மாற்றி அடிக்கும் வகைதான். ஆனால் எதிரி கை ஓங்கும்போது நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாள் இறங்கும் அந்தக் கணத்தில் பட்டனை அழுத்தினால்தான் தடுக்கலாம். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் அடி விழும். நாற்பது வருடப் பழைய முறைக்கு இந்த ஒரே மாற்றம் புது ரத்தம் பாய்ச்சிவிட்டது. பெரிய நிறுவனங்கள் 70 டாலருக்கு விற்கும் காலத்தில் விலை 50 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு, பெயர் வெளியிடாத ஒரு கனடாக்காரர் ஏறக்குறைய தனியாளாகச் செய்த ‘பலாட்ரோ’வும் இதே ரகம்: ஒரு சீட்டுக்கட்டு, 150 ஜோக்கர்கள், அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குள் 50 லட்சம் பிரதிகள் போயின. வெளிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவற்றுக்காக யாரும் நாள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

முன்பதிவு என்ற ஏற்பாட்டுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. கேம் வட்டாகவும் அட்டைப்பெட்டியாகவும் கடைக்கு வந்த நாட்களில் சரக்கு தீர்ந்துபோகும். சொல்லி வைத்தவருக்குக் கிடைக்கும், மற்றவர்கள் அடுத்த லாட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இன்று பெரும்பாலான கேம்கள் பதிவிறக்கமாக வருகின்றன. அதில் தீர்ந்துபோக ஒன்றுமில்லை. முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துப்பிடித்து டிக்கெட் எடுக்கும் நம் ஊர் ரசிகருக்காவது, திரையரங்கில் இத்தனை இருக்கைகள்தான் என்ற கட்டாயம் இருக்கிறது. ஸ்டீம், பிளேஸ்டேஷன் ஸ்டோர் போன்ற இணையக் கடைகளில் ஹவுஸ்ஃபுல் பலகை கிடையாது. இல்லாத தட்டுப்பாட்டுக்குப் பதிலாகத்தான் வேறு தூண்டில்கள் வந்தன: முன்பதிவு செய்தால் கதாபாத்திரத்துக்கு ஒரு தனிச் சட்டை, ஒரு துப்பாக்கி நிறம், இரண்டு மூன்று நாள் முன்னதாக ஆடும் சலுகை.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதற்கு ‘சைபர்பங்க் 2077’ பாடப்புத்தகம். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2012-ல் அறிவித்து, எட்டு ஆண்டுகள் ஆசை காட்டி, 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. வெளியாவதற்கு முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கணினிப் பதிப்பை மட்டும். அவர்கள் ஆடிப் பதிவு செய்த காட்சிகளைக் காட்டக்கூட அனுமதியில்லை, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். அப்போது கோடிக்கணக்கானோர் வீட்டில் இருந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் அது எப்படி ஓடுகிறது என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சாலையில் கார்கள் வெறும் காற்றிலிருந்து முளைத்தன, மனிதர்கள் கையை விரித்தபடி மிதந்தார்கள், முகங்கள் களிமண் உருண்டையாக நின்று சற்றுக் கழித்துத்தான் முகமாயின. ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி அதைத் தன் கடையிலிருந்தே நீக்கியது. ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பங்குதாரர்கள் தொடுத்த வழக்கு 18.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்த 80 லட்சம் முன்பதிவுகள் கணக்கில் ஏறாமல் இருந்திருந்தால் பழைய கன்சோலில் ஓடாத கேமை டிசம்பர் விடுமுறைக்குள் தள்ளிவிடும் துணிச்சல் வந்திருக்குமா என்பது என் கேள்வி.

கூடுதலாகக் கொடுப்பவருக்குக் கூடுதல் மரியாதை கிடைக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்’ கேமின் சாதாரண விலை 70 டாலர். 110, 130 டாலர் பதிப்புகளை வாங்கியவர்கள் மூன்று நாள் முன்னதாக ஆடலாம். அப்படி முந்திக்கொண்ட பிளேஸ்டேஷன் 5 காரர்களில் பலரிடம், உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு, அப்டேட் செய்துவிட்டு முதலிலிருந்து ஆடுங்கள் என்று நிறுவனமே சொல்ல வேண்டியதாயிற்று. அதிகப் பணம் கொடுத்தவர்கள் செய்தது, காசு வாங்கிக்கொண்டு செய்யவேண்டிய பரிசோதனை வேலை.

இதற்கு மறுப்பாக எப்போதும் சொல்லப்படுவது: பிறகு சரிசெய்து விடுகிறார்களே? உண்மைதான். ‘சைபர்பங்க்’ 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு வேறு கேம் போல ஆகிவிட்டது. 2016-ல் வாக்குறுதியில் பாதிகூட இல்லாமல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’யை ஹலோ கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் வருடக்கணக்கில் இலவச அப்டேட்களாலேயே நிமிர்த்தியது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இந்த வாதம் முன்பதிவுக்குச் சாதகமாக நிற்கவில்லை. கேம் மெல்ல மெல்லத் தேறும் என்றால், தேறிய பிறகு வாங்குகிறவர்தான் புத்திசாலி; அவருக்கு நல்ல பதிப்பும் கிடைக்கிறது, தள்ளுபடியும் கிடைக்கிறது. முதல் நாளில் முழு விலை கொடுத்தவருக்கு மிஞ்சுவது பழுதுகளின் நினைவு. பணத்தைத் திரும்பக் கேட்கலாமே என்றால், அதுவும் கடைக்குக் கடை வேறு. ஸ்டீமில் வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திரும்பத் தருவார்கள். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே பொதுவாகக் கதை முடிந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கையில் முதல் இல்லாத சிறு நிறுவனங்கள் வாசகரிடமிருந்து சந்தா வாங்கிப் பத்திரிகை நடத்துவது மாதிரி, ஆடுகிறவரிடமிருந்து முன்பணம் வாங்காமல் எப்படி வளரும்? இங்கே ‘ஏர்லி ஆக்சஸ்’ முறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் விற்பது அரைகுறைக் கேம்தான், ஆனால் அரைகுறை என்று சொல்லியே விற்கிறார்கள். வாங்கிய அன்றே ஆடிப் பார்க்கலாம். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் ‘பால்டர்ஸ் கேட் 3’ கதையின் முதல் பகுதியை மட்டும் 2020 அக்டோபரில் விற்பனைக்கு வைத்தது. கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆடுகிறவர்கள் குறை சொல்லச் சொல்லத் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்டு, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. ‘ஹேடீஸ்’ கேமின் இரண்டு பாகங்களும் இப்படித்தான் முதிர்ந்தன. இருப்பதைக் காட்டிப் பணம் வாங்குவதும் டிரெய்லரைக் காட்டிப் பணம் வாங்குவதும் ஒன்றல்ல.

எதிர்பார்ப்பே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் நடத்தும் டீம் செர்ரி, ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ கேமை 2019 பிப்ரவரியில் அறிவித்தது. ஆறரை வருடம். நடுவில் பெரும்பாலும் மௌனம். ரசிகர்கள் அதையே கேலியாக்கிப் பொழுதுபோக்கினார்கள். பிறகு இரண்டே வார அவகாசத்தில் தேதி சொல்லி, 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலருக்கு வெளியிட்டார்கள். வாங்க வந்த கூட்டத்தில் ஸ்டீம் உட்படப் பல கடைகள் சிறிது நேரம் முடங்கின. அத்தனை வருட ஆசையும் இலவசம். பணம் கைமாறியது கேம் கைக்கு வந்த அன்றுதான். இதே சந்தையின் மறுபக்கத்தில், 2024 ஆகஸ்ட் 23 அன்று சோனி வெளியிட்ட ‘கான்கார்ட்’ ஆட ஆளில்லாமல் இரண்டே வாரத்தில் மூடப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஜூலையிலேயே பீட்டா என்ற சோதனைப் பதிப்பை ஆடிப் பார்த்தவர்கள் பிடிக்கவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். பணம் பாக்கெட்டில் இருக்கும்போதுதான் அந்த அபிப்பிராயத்துக்கு எடை.

எல்லோரும் இப்படிக் காத்திருந்தால் முதலில் ஆடப்போவது யார் என்று கேட்பவர்கள் உண்டு. கவலை வேண்டாம், வெளியான அன்றே வாங்குகிறவர்களுக்குப் பஞ்சமிருக்காது. ஒரு நாள் விமர்சனம் பார்த்துவிட்டு வாங்குவதால் எந்த நிறுவனமும் படுத்துவிடாது. நண்பர்களோடு சேர்ந்து முதல் வாரத்திலேயே ஆடிப் பேசும் மகிழ்ச்சியும் அதனால் கெடாது. கெடுவது வேறொன்று. பெரிய பெயர்களை வருடக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதில் சிறியவை கண்ணில் படாமல் போகின்றன. ‘சில்க்சாங்’ தேதி வந்ததும் சில சிறு நிறுவனங்கள் தங்கள் கேம்களை ஒத்திவைத்தது அந்தப் பயத்தில்தான். 2023 ஜூலையில் டொரண்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’, எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அழிந்துபோன பக்கங்கள் கொண்ட சமையல் குறிப்பை வைத்து, இட்லித் தட்டில் எதற்கு மேல் எது என்று நாமே யோசித்து அடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கிய அந்தக் கேமின் பெயரைத் தமிழ்நாட்டில் கேம் ஆடும் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இனி வரப்போவதற்கு வருவோம். பெதஸ்டா நிறுவனம் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ என்று அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான ஒரு முன்னோட்டத்தை 2018-ல் காட்டியது. மலைகள், ஒரு கடற்கரை, தலைப்பு, அவ்வளவுதான். அதை வைத்து ஏழு ஆண்டுகளாக ஊகங்கள் ஓடின. அதே பெதஸ்டா, 2006-ல் வந்த தன் ‘ஒப்லிவியன்’ கேமின் புதுப்பித்த பதிப்பை 2025 ஏப்ரல் 22 அன்று அறிவித்து, அன்றே விற்பனைக்கு விட்டது. சில நாட்களில் 40 லட்சம் பேர் ஆடினார்கள். ஆக, ஆசை காட்டாமலும் வியாபாரம் நடக்கும் என்று அவர்களுக்கே தெரியும். சிடி ப்ராஜெக்டின் அடுத்த பெரிய கேமான ‘தி விட்சர் 4’ 2027-க்கு முன்னால் வராது என்று நிறுவனமே முதலீட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறது. 2025 ஜூனில் அவர்கள் காட்டிய மலைக்காடும் சந்தைக் கூட்டமும் சாதாரண பிளேஸ்டேஷன் 5-ல் ஓடியவை. பழைய சூடு மறக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். ஆனால் அது கேம் அல்ல, தொழில்நுட்ப மாதிரி மட்டுமே என்பதையும் அவர்களே தெளிவுபடுத்தினார்கள். முன்பதிவு திறக்கும் நாளில் கேட்க வேண்டியவை இரண்டுதான்: விமர்சகர்களுக்கு எந்தெந்தக் கன்சோல் பதிப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் ஆடிய காட்சிகளை அவர்களே காட்ட அனுமதித்திருக்கிறார்களா. பதில் வரும்வரை டிரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.