பிரியத்தின் பட்டியலில் கடைசி இடம்



மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே எங்கள் மதரஸாவில் ஓத வரும் சிறுவர்களிடம் சென்ற மாதம் ஒரு சீட்டுக்கட்டு வந்து சேர்ந்தது. கிரிக்கெட் வீரர்களின் படம் போட்டு விற்கிறார்களே, அந்த டிரம்ப் கார்டு வகைதான். இதில் வீரர்களுக்குப் பதிலாக விலங்குகள். ஒவ்வொரு சீட்டிலும் எடை, உயரம், வேகம். பாடம் முடிந்த பின்னர் அதை வைத்துக்கொண்டு ஒரே வாக்குவாதம். "ஹஜ்ரத், யானை பெருசா சிங்கம் பெருசா, நீங்களே சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். நானும் விளையாட்டாகக் கரும்பலகையில் மூன்று கோடுகள் கிழித்து, வலிமை, அறிவு, பிரியம் என்று தலைப்பிட்டு, நீங்களே வரிசைப்படுத்துங்கள் என்று விட்டுவிட்டேன்.

வலிமையில் யானை முதலிடம் பெற்றது. அறிவில் நீண்ட சண்டைக்குப் பிறகு சிம்பன்ஸி. பிரியத்தில் பூனை, அதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. நாயின் பெயரை எழுதப் போனபோது ஒரு சிறுவன் எழுந்து, "அதைக் கடைசியில போடுங்க ஹஜ்ரத், அது நஜிஸ்" என்றான். எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதே சிறுவன் மதரஸாவின் பின்சந்தில் ஒரு நாய்க்குட்டியைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். அதே பதில்தான்: "அது நஜிஸ்."

அன்றிலிருந்து அந்த மூன்று கோடுகளும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவற்றைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

வலிமையை முதலில் பார்ப்போம். ஆப்பிரிக்க ஆண் யானை 6 டன் வரை எடையுள்ளது. தரைவாழ் உயிரினங்களில் அதற்கு நிகரில்லை. ஆனால் சாணவண்டு இனம் ஒன்றை 2010இல் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அது தன் எடையைப் போல் 1,141 மடங்கை இழுத்தது. 70 கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் ஏறத்தாழ 80 டன்னை இழுப்பதற்கு இது சமம். அப்படியானால் வண்டுக்கா முதலிடம்? அதுவும் முழு நியாயமன்று. உடல் சிறுத்தால் எடை குறைகிற வேகத்துக்குத் தசையின் பலம் குறைவதில்லை. வண்டை யானையளவு பெருக்கினால் அதனால் எழுந்து நிற்கவும் இயலாது. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து வெற்றியாளர் மாறிவிடுகிறார். இறைமறையில் யானையின் பெயரால் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அங்கே யானைப்படை தோற்றது பறவைகளிடம் என்பதை அல்ஃபீல் ஓதத் தெரிந்த குழந்தையும் அறியும். வலிமைப் பட்டியலால் பெரிய தீங்கு ஏதுமில்லை. சீட்டுக்கட்டு வைத்திருப்பவர்கள் விளையாடிக்கொள்ளட்டும்.

அறிவு சற்றுச் சிக்கலானது. தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. புல்லும் மரமும் ஓரறிவு, சிப்பியும் நத்தையும் ஈரறிவு, எறும்பும் கறையானும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்குகள் ஐந்தறிவு, மனிதர் ஆறறிவு என்று தொல்காப்பியம் வகுத்தது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என்னும் புலன்களின் கணக்கு அது. உயிர்களுக்கு மதிப்பெண் போட்ட பட்டியல் அன்று. பிற்காலத்தில் நாம்தான் "ஐந்தறிவு ஜீவன்" என்பதை வசைச்சொல்லாக மாற்றிக்கொண்டோம்.

நவீன ஆய்வாளர்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 1970இல் கோர்டன் கேலப் என்ற உளவியலாளர், சிம்பன்ஸிகளின் முகத்தில் அவற்றுக்குத் தெரியாமல் ஓர் அடையாளமிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடியில் கண்டதைத் தன் முகத்தில் தடவிப் பார்க்கும் உயிரினத்துக்குத் 'தான்' என்ற உணர்வு உண்டு என்பது அவர் கணிப்பு. சிம்பன்ஸிகள் தேறின. பின்னர் யானைகளைச் சோதித்தபோது அவை தேறவில்லை. யானைக்கு அந்த அறிவு இல்லை என்று முடிவு கட்டியாயிற்று. 2006இல் நியூயார்க் நகரின் விலங்குக் காட்சிசாலை ஒன்றில் வேறு சிலர் மீண்டும் சோதித்தனர். இம்முறை யானையின் முழு உடலும் தெரியும் அளவுக்குப் பெரிய கண்ணாடியை, யானை நெருங்கித் தொடும்படி உள்ளேயே நிறுத்தினார்கள். ஹேப்பி என்ற பெண் யானை தன் தலையில் இடப்பட்ட அடையாளத்தைத் துதிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. உடனிருந்த மற்ற இரண்டும் அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், முன்பு குறை யானையிடம் இருந்ததா, கண்ணாடியிடம் இருந்ததா?

நாயும் கண்ணாடிச் சோதனையில் தோற்கும் பிராணிதான். நாய் உலகை அறிவது மூக்கினால். நம்மை இருட்டில் நிறுத்தி, வந்துபோனவர் யார் என்று வாசனையால் சொல்லச் சொன்னால், நாய்களின் பட்டியலில் நமக்கு எந்த இடம் கிடைக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இறைமறையில் வரும் உயிரினங்களைக் கவனித்தால் இந்தத் தடுமாற்றம் தீர்கிறது. சுலைமான் நபிக்கு (அலை) எட்டாத செய்தி, கொண்டலாத்தி என்று நாம் அழைக்கும் ஹுத்ஹுத் பறவைக்கு எட்டியது. ஆதமின் மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டுத் திகைத்து நின்றபோது, புதைக்கும் முறையை ஒரு காகம் மண்ணைக் கிளறிக் காட்டியது. தன் கூட்டத்துக்கு ஆபத்து வருவதை ஓர் எறும்பு முன்கூட்டியே உணர்ந்து எச்சரித்தது. பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்து அல்அன்ஆம் அத்தியாயத்தில் வருகிறது. சமுதாயம் என்றான பின்பு, ஒரு சமுதாயத்தின் அளவுகோலை இன்னொன்றின் மீது வைத்து அளப்பது எப்படிச் சரியாகும்?

நம் முன்னோரிலும் இந்த விளையாட்டை ஆடியவர்கள் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், தம் விலங்குகள் நூலில், நாயின் கட்சிக்காரரும் சேவலின் கட்சிக்காரரும் நடத்தும் நீண்ட வழக்கை எழுதினார். நூலின் தொடக்கப் பாகங்களை அந்த வாதமே பெரிதும் நிரப்புகிறது. அவருக்குச் சற்றுப் பின், பக்தாதில் இப்னுல் மர்ஸுபான் ஒரு நூல் இயற்றினார். ஆடை அணிந்தோர் பலரையும்விட நாய்கள் மேலானவை என்பதே அதன் தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் என் மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பத்தாம் நூற்றாண்டின் இஹ்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழுவினரோ, விலங்குகள் மனிதர்கள் மீது ஜின்களின் அரசரிடம் வழக்குத் தொடுப்பதாக ஒரு கதை எழுதினர். அழகு, புலன், ஆட்சி என்று மனிதன் காட்டும் பெருமை ஒவ்வொன்றையும் விலங்குகள் உடைத்துவிடுகின்றன. இறுதியில் வழக்கு மனிதனுக்குச் சாதகமாக முடிவது, மறுமையில் எழுப்பப்பட்டுக் கணக்குக் கேட்கப்படுபவன் அவன் என்ற ஒன்றினால்தான். வெற்றி என்று கொண்டாடத்தக்க வெற்றியா அது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கோட்டுக்கு வருகிறேன். பிரியம். ஆபத்தெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

பெரிய கண், உருண்டை முகம், சிறிய மூக்கு ஆகியவற்றைக் கண்டால் மனித மனம் தானே இளகிவிடும் என்று கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். நம் பச்சிளங்குழந்தைகளின் முகம் அப்படி அமைந்திருப்பதே காரணம் என்றார். பூனைக்கும் பாண்டாவுக்கும் நாம் கொடுக்கும் மதிப்பெண் பெரும்பாலும் அந்த முகத்துக்குத்தான். அந்த முகம் வாய்க்காத உயிர்களின் கதி என்ன?

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்த பாறு கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் இந்தியாவில் அது கூட்டம் கூட்டமாக மடிந்தது. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்த பிறகுதான் 2004இல் காரணம் வெளியாயிற்று. மாடுகளுக்குப் போடப்படும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் ஊருக்கு வெளியே சடலங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று பொருளியல் ஆய்வாளர் இருவர் 2024இல் மதிப்பிட்டனர். நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்று மிஞ்சியிருப்பவை சொற்பம். மயில்கள் இப்படி மடிந்திருந்தால் நாம் இவ்வளவு காலம் கவனியாமல் இருந்திருப்போமா?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பூனையைப் பற்றிப் பேசினால் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயர்க் காரணத்தை நம் பிள்ளைகள் உடனே சொல்கிறார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியையும் சொல்கிறார்கள். மாஷா அல்லாஹ். ஆனால் தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாயைக் கண்டு, கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் முகந்து, அதை வாயால் கவ்விக்கொண்டு மேலேறி வந்து குடிப்பாட்டிய மனிதரின் செய்தியும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறதே. அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது அந்த நாயினால். குகைத் தோழர்களை இறைமறை குறிப்பிடும்போது வாசலில் கிடந்த அவர்களின் நாயை விட்டுவிடவில்லை. கழுதையின் குரல் வெறுப்புக்குரியது என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதே கழுதையின் முகத்தில் சூடு போட்டவரை நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தியும் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. குரல் பிடிக்காமல் இருக்கலாம். முகத்தில் சூடு போட அது அனுமதியாகாது.

நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவும் சட்டத்தை நான் மாற்றிச் சொல்ல வரவில்லை. நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபி மத்ஹபினர் அதைப் பேணுகிறார்கள், பேணட்டும். உயிருள்ள நாய் அசுத்தமன்று என்பது மாலிக் மத்ஹபின் நிலை. அந்த வேறுபாட்டை விளக்கவும் இது இடமன்று. எந்த மத்ஹபை எடுத்தாலும் அது பாத்திரத்தையும் ஆடையையும் பற்றிய சட்டம். கழுவ வேண்டியது நாம். அடிபட வேண்டியது நாய் என்று எந்த நூலிலும் இல்லை. வெறிநாய் போன்ற கொடியவற்றைக் கொல்ல அனுமதி உண்டு. அங்கும் சித்திரவதை கூடாது என்பதே மார்க்கம். கடிக்கு அஞ்சும் பெற்றோரின் கவலையை நான் அறிவேன். எங்கள் தெருவிலும் கடிபட்ட குழந்தைகள் உண்டு. அதற்குத் தீர்வு தடுப்பூசியும் கருத்தடையும் தெருக்குப்பை அகற்றலும். பின்சந்தில் கிடக்கும் குட்டியின் மீது எறியும் கல் அன்று.

தவறு அந்தச் சிறுவனுடையது அன்று. பல ஆண்டுகளாகத் தூய்மைப் பாடத்தை நடத்துகிறேன். ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணால் என்று மனப்பாடம் செய்ய வைத்து, தேர்வும் வைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். கிணற்றில் இறங்கிய மனிதர் வேறொரு பாடத்தில், வேறொரு வகுப்பில், நல்லொழுக்கக் கதையாக வருவார். இரண்டையும் ஒரே நாளில் சொன்னதேயில்லை. அவனுக்குக் கிடைத்தது பாதி. அந்தப் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பின்சந்துக்குப் போனான்.

இப்போது இரண்டையும் சேர்த்தே நடத்துகிறேன். இந்தக் கோடையில் மதரஸாவின் பின்வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கத் தொடங்கியிருக்கிறோம். நிரப்பும் முறை வாரத்துக்கு ஒருவருக்கு. முதல் வாரம் அந்தச் சிறுவனே கேட்டு வாங்கிக்கொண்டான். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், அந்தச் சட்டியில நாய் வாய் வைக்குதே, பார்த்தீங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

பார்த்தேன் என்றேன். பிள்ளைகள் குடிக்கும் பானை உள்ளே மூடி போட்டு இருக்கிறது, வாங்க காட்டுகிறேன் என்று அவரை அழைத்துப் போனேன்.