விதைக் கடன்



ஜவ்வரிசிப் பாயசம் உங்களில் எத்தனை பேருக்குப் பிடிக்காது? அநேகமாக ஒரு கை கூட உயராது. ஆனால், ஜவ்வரிசி எந்தச் செடியில் காய்க்கிறது என்று கேட்டால் பலர் திருதிருவென விழிப்பீர்கள். அது காய்ப்பதே இல்லை! மண்ணுக்கடியில் விளையும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலெடுத்து, மாவைப் படியவிட்டு, உருட்டி வறுத்துச் செய்வதுதான் ஜவ்வரிசி. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இதற்கென்றே சேகோ ஆலைகள் ஏராளமாக உள்ளன.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சேந்தமங்கலத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கிழங்கு மூட்டைகளை ஏற்றிய லாரியை அவர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். அந்த ஊரில் நின்று கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். வல்வில் ஓரி ஆண்ட மலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போக வேண்டும். (வளைவுகளை எண்ணத் தொடங்கியவர்கள் பாதியில் தூங்கிவிடுவதுதான் வழக்கம்!) மரவள்ளி அந்த மலையிலும் ஏறியது. அது ஏறிய கதையையும், அதனால் இறங்கிப் போன ஒன்றின் கதையையும்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

கொல்லிமலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் தமிழ் பேசும் மலை மக்கள். தலைமுறை தலைமுறையாக இவர்கள் பயிரிட்டு வந்தது சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமை என்றால் ஒரே சாமை இல்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, பெருஞ்சாமை என்று எத்தனையோ வகை. தினையில் செந்தினை, மூக்கந்தினை, கோரந்தினை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு. ஒன்று சீக்கிரம் விளையும். ஒன்று மெலிந்த மண்ணிலும் வளரும். ஒன்று களிக்கு நன்றாக இருக்கும். எந்த விதை எந்த நிலத்துக்கு என்பது வீட்டுப் பாட்டிகளுக்கு அத்துப்படி.

மரவள்ளி வந்தபின் இந்த வயல்கள் சுருங்கின. அதற்காக மரவள்ளியைத் திட்ட வேண்டாம். சாமையை வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம். மரவள்ளியை விற்றால் கையில் காசு வரும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காசுதானே வேண்டும்? ரேஷன் கடையில் அரிசியும் கிடைத்தது. இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. இதை அதிகம் பேர் சொல்வதில்லை. உரல்! சாமைக்கும் தினைக்கும் மேலே கெட்டியான உமி இருக்கிறது. அதை நீக்க உலக்கையால் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்துவிட்டு வந்த அம்மா, ராத்திரி சோற்றுக்காகக் குத்தியாக வேண்டும். உங்கள் வீட்டில் உரல் இருந்தால் ஒரு பத்து நிமிடம் வெறும் உலக்கையைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள். அந்த அம்மாக்கள் ஏன் சாமையைக் கைவிட்டார்கள் என்று தோள்பட்டை சொல்லும்.

ஆனால் ஓர் ஊரில் ஒரு விதையை யாருமே விதைக்காமல் சில வருடங்கள் போனால் என்ன ஆகும்? வைத்திருக்கும் பழைய விதை முளைக்கும் திறனை இழந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதே விதையை வாங்க முடியாது. அதைச் செய்து தரும் தொழிற்சாலை எதுவும் கிடையாது.

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனை உங்களுக்குத் தெரியும். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமானார். சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட அவர் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் கொல்லிமலைக்குப் போனது. 'பழைய விதைகளைக் காப்பாற்றுங்கள்' என்று பிரசங்கம் செய்துவிட்டு வந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவர்கள் ஊர் மக்களோடு சேர்ந்து உட்கார்ந்து யோசித்தார்கள். சிறுதானியத்தைச் சுத்தம் செய்து அரைக்கும் இயந்திரங்கள் மலைக்கு வந்தன. மகளிர் குழுக்கள் சாமையையும் தினையையும் மாவாகவும் சத்துமாவாகவும் செய்து விற்கத் தொடங்கின. கூடவே ஊருக்குள் விதை வங்கிகள் உருவாயின.

வங்கி என்றதும் பூட்டும் இரும்புப் பெட்டியும் கற்பனை செய்ய வேண்டாம். மலை மக்களிடம் தானியத்தைச் சேமிக்க 'தொம்பை' என்ற குதிர் முன்பே இருந்தது. அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான் இந்த விதை வங்கி. விதை இல்லாதவர் வங்கியில் விதையைக் கடனாக வாங்கலாம். அறுவடை முடிந்ததும், வாங்கியதைவிடக் கூடுதலாக விதையைத் திருப்பித் தர வேண்டும். பணத்துக்கு வேலையே இல்லை! கடன் வாங்குகிறவர் அதிகமானால் வங்கியும் வளரும். இப்படி ஒரு கணக்கை நம் கணக்குப் பாடப் புத்தகத்தில் போட்டால் நன்றாக இருக்கும்.

விதைக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு ரஷ்யாவில் ஒரு சம்பவம் உண்டு. நிக்கோலாய் வாவிலோவ் என்ற விஞ்ஞானி உலகம் முழுக்கச் சுற்றி விதைகளைச் சேகரித்து லெனின்கிராடு நகரில் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில், 1941 செப்டம்பரில் அந்த நகரத்தை ஜெர்மனிப் படை வளைத்தது. 1944 ஜனவரி வரை முற்றுகை நீடித்தது. நகரத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் இறந்தார்கள். விதைக் கூடத்தில் இருந்த விஞ்ஞானிகளைச் சுற்றி கோதுமை, அரிசி, பட்டாணி, வேர்க்கடலை. எல்லாம் சாப்பிடக் கூடியவைதான். ஆனால் அவர்கள் தொடவில்லை. அரிசி வகைகளைக் காத்துவந்த டிமிட்ரி இவானோவ், அரிசி மூட்டைகள் இருந்த கட்டடத்திலேயே பட்டினியால் இறந்தார். வாவிலோவ் அப்போது அங்கே இல்லை. அவரை அவர் நாட்டு அரசே சிறையில் அடைத்திருந்தது. 1943இல் சிறையிலேயே அவரும் இறந்தார். இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இப்போது நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், பனி மலையைக் குடைந்து ஒரு பெரிய விதைக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். 2008இல் திறந்தார்கள். அங்கே விதைகள் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி குளிரில் தூங்குகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் தூங்கும் விதைக்கு இந்த வருடம் மழை தவறியது தெரியாது. புதிதாக வந்த பூச்சியைத் தெரியாது. வருடா வருடம் மண்ணில் விழுந்து முளைக்கும் விதைக்குத்தான் அதெல்லாம் பழகும். அதனால் எனக்கு கொல்லிமலை வங்கி மேலும் பிடித்திருக்கிறது.

சரி, மலையிலிருந்து இறங்கி உங்கள் தெருவுக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய தேசிய பசுமைப் படை உங்கள் பள்ளியில் இருக்கலாம். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தும் ஒரு தோட்ட மன்றம் அமைக்கலாம். ஜூன் 5ஆம் தேதி கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, ஜூன் 6ஆம் தேதி மறந்துவிடும் மன்றம் நமக்கு வேண்டாம். அதற்குப் பதில் ஒரு விதை வங்கி தொடங்கிப் பாருங்களேன்!

முதல் வேலை, பாட்டிகளிடம் போவது. கொடி அவரை, சுரை, பீர்க்கு, நாட்டுக் கத்தரி, வெண்டை என்று எந்த வீட்டில் எந்த விதை இருக்கிறது என்று கேளுங்கள். சுரை, பூசணி விதைகளைச் சாணியில் பொதிந்து சுவரில் அப்பி வைத்திருக்கும் வீடு இன்னும் எங்காவது இருக்கும். விதைக்கு விடும் காயைப் பறிக்கக் கூடாது. செடியிலேயே முற்றி நெற்றாகட்டும். யாரும் தெரியாமல் பறித்துவிடாதபடி அதில் ஒரு துணி நாடாவைக் கட்டிவிடுங்கள். பிறகு உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, விதையின் பெயர், எடுத்த மாதம், யார் வீட்டு விதை என்று எழுதி ஒட்டுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையிலிருந்து வந்த செடியில் விதை எடுக்க வேண்டாம். அடுத்த முறை அதே மாதிரி காய்க்காது. நாட்டு விதைதான் சரி.

விதைப்பதற்கு முன் ஒரு சோதனை. ஈரத் துணியில் பத்து விதைகளை வைத்து மடித்து, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் எட்டு முளைத்தால் நல்ல விதை. நாலுதான் முளைத்தது என்றால், ஒரு குழிக்கு ஒரு விதை போதாது, கூடுதலாகப் போடுங்கள். ஒன்றுமே முளைக்கவில்லையா? அந்த வகை வேறு யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று அன்றே தேடிப் புறப்படுங்கள்.

ஒரு பழைய நோட்டுதான் உங்கள் வங்கிக் கணக்கு. 'எதிர் வீட்டு அத்தை, அவரை விதை 10, ஆடி மாதம்' என்று எழுதிக்கொள்ளுங்கள். தை மாதம் இருபதாகத் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு கூடை அவரைக்காய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்!

உங்கள் தெருவில் எத்தனை வகை விதை கிடைத்தது, எந்தப் பாட்டி என்ன பெயர் சொன்னார் என்று எங்களுக்கு எழுதுங்கள். நான் கேள்விப்படாத பெயராக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்,
ஆசிரியர்