பால் கசிந்தால் கர்ப்பம்தானா?

‘‘பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறேன். வீட்டில் 4 வெள்ளாடுகளும் இருக்கின்றன. வயது 29. சின்னவனுக்குப் பால் மறக்கடித்து 2 வருடம் ஆகிறது. போன வாரம் குளிக்கும்போது இரண்டு மார்பிலும் பால் மாதிரிக் கசிந்தது. நாளும் 20 நாள் தள்ளிப் போயிருக்கிறது. ‘நீ முழுகாமத்தான் இருக்கே’ என்கிறார் மாமியார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள் நான். அதனால் வீட்டில் பேச்சு வேறு மாதிரிப் போகிறது. நெஞ்செரிச்சலுக்கு 2 மாதமாக மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். வேறு மருந்து எதுவும் கிடையாது. இது கர்ப்பம்தானா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விஸ்வநத்தம்.

பால் கசிவதை மட்டும் வைத்து ஒரு பெண் கர்ப்பம் என்று யாரும் சொல்ல முடியாது. மாமியார் சொல்வது மாட்டுக் கணக்கு. கிடாரி மடி விட்டால் கன்று போடப்போகிறது என்பது தொழுவத்தில் பெரும்பாலும் சரி. ஆனால், ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கிடாவோடு சேராத பெட்டைக்குட்டிகூடச் சில நேரம் மடி பெருத்துப் பால் சுரக்கும். மனிதர்களிலும் அப்படி உண்டு. கர்ப்பிணிகளுக்குச் சீம்பால் கசிவது பெரும்பாலும் நாலைந்து மாதத்துக்குப் பிறகுதான். நாள் தள்ளிப்போன 20-ம் நாளில் அது வருவது வழக்கமில்லை.

பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைத் தருகிறது. புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப் பையிலிருந்து ஊட்டும் ‘பால்’ சுரப்பதும் இதனால்தான். ஆண் புறாவுக்கும் அது சுரக்கும். இந்த ஹார்மோன் கூடினால் பால் கசிவதோடு கருமுட்டை வெளிவருவதும் தடைபட்டு, மாதவிலக்கு தள்ளிப்போகும். பாலும் வருகிறது, நாளும் தள்ளுகிறது என்றால் பார்ப்பவர்கள் கர்ப்பம் என்றுதானே நினைப்பார்கள்?

அரண்மனையே இதில் ஏமாந்திருக்கிறது. இங்கிலாந்து ராணி முதலாம் மேரிக்கு 1554-ல் மாதவிலக்கு நின்றது, வயிறு பெருத்தது, பாலும் கசிந்ததாக வெனிஸ் நாட்டுத் தூதர் எழுதி வைத்திருக்கிறார். 1555 கோடையில் தொட்டிலோடு காத்திருந்தார்கள். குழந்தை பிறக்கவே இல்லை. அவருக்குப் பிட்யூட்டரியில் கட்டி இருந்திருக்கலாம் என்று இக்கால மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க வழி சுலபமானது. காலையில் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் செய்து தருவார்கள். புரோலாக்டின் கூடியிருந்தாலும் இந்தச் சோதனை ஏமாறாது. அது தேடுவது வேறு ஹார்மோனை. இல்லை என்று வந்தால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. ஆம் என்று வந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆபரேஷன் செய்த பிறகு கரு தங்குவது அபூர்வம். தங்கினால் கருக்குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து அதிகம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வெட்டிய குழாய் தானாகச் சேர்ந்துகொள்வதும் எப்போதாவது நடப்பதுதான். அதற்காக ஒரு பெண்ணின் நடத்தையைப் பேசுவது அநியாயம்.

சோதனை இல்லை என்று சொன்னால், முதல் சந்தேகம் அந்த கேஸ் மாத்திரை மீதுதான். கடைகளில் கேஸ் மாத்திரை என்று தரும் பலவற்றில் பேன்டோபிரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். சிலவற்றில் லீவோசல்பிரைடு இருக்கும். இரண்டுமே புரோலாக்டினைக் கூட்டுபவை. சீட்டில்லாமல் மாதக்கணக்கில் விழுங்க வேண்டிய மருந்துகள் அல்ல இவை. மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டினால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். காரணம் அதுதான் என்றால், நிறுத்திய சில வாரங்களில் கசிவு அடங்கி, நாளும் திரும்பும். மனநல மருந்துகள் சிலவும், ரத்த அழுத்த மருந்துகள் சிலவும் இதே வேலையைச் செய்யும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாத்திரை காரணமில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது தைராய்டு. அது குறைவாகச் சுரந்தாலும் பால் கசியும். பட்டாசில் சேரும் பெர்குளோரேட் உப்பு, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடியது. தென்னிந்தியப் பட்டாசு உற்பத்திப் பகுதியின் நிலத்தடி நீரில் அது மிகுந்திருப்பதை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்த வாசகியின் கசிவுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால், இந்த வட்டாரப் பெண்கள் தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அது போதும். மார்பில் தீக்காயம் பட்டு ஆறியவர்களுக்கும், அக்கி வந்தவர்களுக்கும்கூடச் சில நேரம் பால் கசிவதுண்டு.

புரோலாக்டின் அளவு மிக அதிகமாக இருந்தால், பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். கட்டி என்றதும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கேபர்கோலின் போன்ற மாத்திரையிலேயே சுருங்கிவிடும். விடாத தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்குவதும் இருந்தால் மட்டும் தாமதம் கூடாது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டலாம். மற்றவர்களுக்குச் சிவகாசி அரசு மருத்துவமனையும், 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

இதுவரை சொன்னது இரண்டு மார்பிலும் பால் நிறத்தில் வரும் கசிவுக்கு. ஒரு பக்கம் மட்டும், தொடாமலே, ரத்தம் கலந்தோ தண்ணீர் போலவோ வந்தாலும், கட்டி தட்டுப்பட்டாலும், காம்பு உள்ளிழுத்தாலும் கதை வேறு. அப்போது மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையை அந்த வாரமே செய்துவிட வேண்டும். அதுவரை பால் வருகிறதா என்று தினமும் பிதுக்கிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். பிதுக்கப் பிதுக்க ஆட்டு மடி சுரப்பது போலத்தான் இதுவும்.