வங்காளியின் ஜுரமும் கிராணியின் காதும்

1941-ஆம் வருஷத்தில் கிள்ளானில் மூண்டு சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றிற்கும் பரவிய வேலைநிறுத்தத்தைப் பற்றி நம்மவர் மேடைதோறும் முழங்குகின்றனர். முழங்கட்டும். சீனருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற அவமானத்தின் ஒழிப்பு ஆகிய கோரிக்கைகள் எல்லார் வாயிலும் இருக்கின்றன. ஆனால், கொடுமை செய்யும் ஆசிய உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழ் பேசுவோரை நியமிக்கவேண்டும் என்பதும் ஆர். எச். நாதன் முதலியோர் வைத்த கோரிக்கைகளுள் ஒன்றன்றோ? இதைமட்டும் ஒருவரும் எடுத்துப் பேசக் காணோம். பேசினால் அது நம் தலைமீதே வந்து விழும் என்ற பயம் போலும்!

அக்கோரிக்கைக்காகத் துப்பாக்கியை எதிர்கொண்டவர் கேட்டது மொழி அபிமானத்தினாலா? அன்று. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்ற கிராணி எதைச் சொன்னானோ அதுவே துரைக்கு உண்மை. நோயாளி சோம்பேறியாவதும், நியாயம் கேட்டவன் போக்கிரியாவதும் அந்த ஒருவன் நாவிலே நடந்தன. துரைமாருக்கும் தமிழ் தெரிந்துதான் இருந்தது. 'கூலித் தமிழ்' என்ற பெயராலேயே அவர்களுக்குப் பாடநூல் உண்டு. ஏவத் தெரிந்த தமிழ் அது. கேட்கத் தெரிந்த தமிழன்று.

இது நிற்க. இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவரிற் பெரும்பாலோர் ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். குலை வெட்டுகிறவன் வங்காளதேசத்தான், இந்தோனேசியன், நேப்பாளி. கிராணி நாற்காலியில் இருப்பவன் நான். ஆங்கிலத்திலே படித்தவன், தமிழன்.

ஒருநாள் பெரட்டுக் களத்தில் வங்காளதேசத்தான் ஒருவன் நெற்றியைத் தொட்டுக்கொண்டு, 'ஜொர், ஜொர்' என்றான். ஜொகூருக்கு ஓடப் பார்க்கிறான் என்று நான் தீர்மானித்தேன். பேர்ப் புத்தகத்தில் 'வரவில்லை' என்று கோடும் கிழித்தேன். மூன்றாம் நாள் அவனை லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்தான், என் யோக்கியதையால் அன்று. 'ஜொர்' என்பது நாம் சொல்லும் ஜுரமே என்று பின்னர் அவன் கூட்டாளி சொல்லித் தெரிந்துகொண்டேன். நம் வீட்டுச் சொல்லையே வேறொருவன் வாயில் கேட்டு அடையாளம் காணாத காதுக்கு ஆங்கிலப் படிப்பு எதற்கு? (சீக்கியரையே 'வங்காளி' என்றழைத்துப் பழகியவர் நாம், மெய்யான வங்காளி வந்து நின்றால் எப்படித் தெரியும்!)

"வந்தவன்தான் மலாய் கற்கவேண்டும்; அவனுக்காக நாம் வங்காளம் படிப்பதா?" என்று சக கிராணியார் கேட்கிறார். கற்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அவனுக்கு நாம் கற்பிக்கும் மலாய் எது? அரசாங்க அலுவலகத்தில் 'துவான்', 'என்சிக்' என்று குழையும் அதே நாக்கு, தோட்டத்துக்குத் திரும்பியதும் 'ஓய், லூ!' என்று அவனை விளிக்கிறது. மரியாதைச் சொல் தெரியாதவர் அல்லர் இவர். அதை யாருக்குச் செலவிடுவது என்று கணக்குப் பார்ப்பவர். நம் பாட்டன்மாரை 'அடே' என்று விளித்தவனும் இதே கணக்கைத்தான் பார்த்தான்.

என் பேர்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்போது முப்பது வங்காளச் சொற்கள் இருக்கின்றன. வயிற்றுவலி, தலைசுற்றல், பாம்பு, சம்பளம் குறைகிறது என்பனவெல்லாம் அதில் அடக்கம். அதைப் பார்த்து நகைத்த கிராணிமார் இருவர் இப்பத்திரிகையின் சந்தாதாரர். அவர்கள் படிக்கவே இதை எழுதினேன்.