பில் வேணுமா சார்?

வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கணும், ரிச்சி தெருவா, பெரிய ஷோரூமா, ஆன்லைனா என்று கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: பில் தருகிற இடம்.

'பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. கூடும் சார்' என்றதும் நமக்கு வாயெல்லாம் பல். 40,000 ரூபாய்க்கு 7,200 மிச்சமாம்! ஆறாவது மாதம் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால், அதே கடைக்காரர் 'இது நம்ம சரக்கா?' என்பார். எதைக் காட்டி மல்லுக்கு நிற்பது?

பில் தராததே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. அந்த ஆயுதத்தை 7,200-க்கு விற்றுவிட்டு, 'ஏமாத்திட்டான்' என்று புலம்புவது என்ன நியாயம்? வரியை ஏய்த்தபோது நாமும்தானே கூட்டு!